தெரியுதா?

தமிழ்நாட்டின் எந்த ஊரிலும் வானியல் மன்றத்துக்காரர்கள் ஒரு தொலைநோக்கியைத் தூக்கிவந்து நிறுத்தினால் போதும், அரை மணி நேரத்தில் அங்கே ஒரு வரிசை உண்டாகிவிடுகிறது. பள்ளி மைதானமானாலும் கடற்கரை மணலானாலும் குடியிருப்பின் மொட்டை மாடியானாலும் அந்த வரிசையின் குணம் மாறுவதில்லை. முன்னால் முண்டியடிக்கும் பிள்ளைகள். அவர்களைத் தோளைப் பிடித்து நகர்த்திக்கொண்டே கைபேசியில் மணி பார்க்கும் அம்மாக்கள். இதில் என்ன பெரிதாகத் தெரிந்துவிடப் போகிறது என்ற முகத்தோடு, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஆனாலும் வரிசையை விட்டு விலகாமல் நிற்கும் ஓய்வுபெற்ற ஆண்கள். மார்கழி என்றால் சிலர் தலையில் மப்ளர் ஏறியிருக்கும். கருவியருகே குழந்தைகள் ஏறி நிற்க ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல். சிவப்புக் கண்ணாடித்தாள் சுற்றி ரப்பர் பேண்ட் போட்ட டார்ச் ஒன்று. "குழாயப் பிடிக்காதீங்கம்மா, கையப் பின்னால கட்டிக்குங்க, கண்ண மட்டும் கிட்ட கொண்டுவாங்க" என்று நூறாவது முறையாகச் சொல்லும் ஓர் இளைஞன். வந்தவர் குனிகிறார். எந்தக் கண்ணை மூடுவது என்று ஒரு கணம் குழம்புகிறார். மூச்சுப் பட்டு லென்ஸில் ஆவி படிகிறது. "தெரியுதா?" "தெரியுது தம்பி." நிமிர்ந்து, சிரித்து, நகர்ந்துவிடுகிறார். ஏதோ சந்தேகத்தில் அந்த இளைஞன் தானே குனிந்து பார்க்கிறான். வட்டத்துக்குள் கருமை மட்டும் இருக்கிறது. சனி எப்போதோ வெளியேறிவிட்டது.

இதில் மாயம் ஒன்றுமில்லை. ஊர் மன்றங்கள் பெரும்பாலும் வைத்திருக்கும் டாப்சோனியன் வகைத் தொலைநோக்கி, பலகைப் பெட்டிமேல் உட்கார்ந்த ஒரு குழாய். வானத்தோடு சேர்ந்து திரும்பும் மோட்டார் சாதாரணமாக அதில் இருக்காது. இருநூறு மடங்கு பெருக்கிப் பார்த்தால் கண்ணுக்குக் கிடைக்கும் வானத்துண்டு கால் பாகை அகலம்தான், முழு நிலவில் பாதி. பூமி சுழல்வதால் ஒரு கோள் அந்தக் கால் பாகையை ஒரு நிமிடத்தில் கடந்துவிடும். நட்டநடுவில் நிறுத்திக் கொடுத்தாலும் கிடைப்பது முப்பது வினாடி. இரண்டு பேருக்கு ஒருமுறை குழாயை ஒரு தட்டு தட்டி நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும். பேச்சில் மறந்துபோனால் மூன்றாவது ஆளுக்கு வெறும் இருட்டுதான். மன்றங்களில் நாலைந்து வருடம் பழகிய எவருக்கும் இது தெரியும். தெரிந்தும் அதைப் பற்றி அவர்கள் அதிகம் பேசிக்கொள்வதில்லை. நிகழ்ச்சி முடிந்ததும் எழுதப்படும் அறிக்கையில் எத்தனை பேர் வந்தார்கள் என்ற எண் இருக்கும். எத்தனை பேர் பார்த்தார்கள் என்பதற்கு அதில் கட்டம் கிடையாது.

ஏன் தலையாட்டுகிறார்கள்? பின்னால் முப்பது பேர் நிற்கிறார்கள் என்ற கூச்சம் ஒரு காரணம். இவ்வளவு சிரமப்பட்டு இந்தப் பையன் காட்டுகிறானே, இல்லை என்று சொல்லி அவன் மனசை ஏன் நோகடிக்க வேண்டும் என்ற தயவு இன்னொன்று. படித்தவர்கள் கூடிய இடத்தில் தனக்கு மட்டும் தெரியவில்லை என்று ஒத்துக்கொள்ளும் அவமானமும் இருக்கலாம். ஆனால் இந்தக் காரணங்களையெல்லாம் கூட்டிப்பார்த்தாலும் ஏதோ மிச்சமிருக்கிறது. அப்படித் தலையாட்டுகிறவர் முகத்தில் பொய் சொன்ன களை இல்லை. அவர் உண்மையிலேயே பார்த்துவிட்ட மாதிரிதான் நடந்துபோகிறார்.

அம்மி மிதித்து அருந்ததி பார்க்கும் சடங்கை நினைத்துக்கொண்டால் இந்த மிச்சம் கொஞ்சம் பிடிபடுகிறது. முகூர்த்தம் காலை ஒன்பது மணிக்கு. தாலி கட்டியாகிவிட்டது. புரோகிதர் மணமக்களை மண்டப வாசலுக்கு அழைத்துவந்து, வடக்கே கையை நீட்டி, "அதோ அருந்ததி, தெரியுதா?" என்கிறார். வெயில் கண்ணைக் கூசுகிறது. வாசலில் வாழைமரமும் மின்கம்பியும் எதிர்க்கடையின் பலகையும் இருக்கின்றன. மணப்பெண் புருவத்தின் மேல் கையை வைத்துப் பார்த்துவிட்டு "தெரியுது" என்கிறாள். வீடியோக்காரர் இன்னொரு முறை காட்டச் சொன்னால் இன்னொரு முறையும் தெரிகிறது. சப்தரிஷி மண்டலத்தின் வாலில் வசிஷ்டரும் அவரை ஒட்டி அருந்ததியும் மாலையில் நன்றாகத் தெரியும் மாதங்கள் சித்திரையும் வைகாசியும். இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி, நிலவின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று அதிகம். கண் நன்றாக இருந்தால் கருவி வேண்டாம். எந்தக் காலத்திலோ இரவில் செய்த சடங்கு பகலுக்கு நகர்ந்தபோது விண்மீன் மட்டும் நகர மறுத்துவிட்டது, தலையாட்டல் நிலைத்துவிட்டது. மன்றத்துக்காரர்கள் சித்திரை மாத நிகழ்ச்சிகளில் அருந்ததியைத் தவறாமல் காட்டுவார்கள். அதில் அவர்களுக்கு ஒரு சின்னக் குறும்பும் உண்டு. தொலைநோக்கியை அந்தப் பக்கம் திருப்பினால் அருந்ததி தள்ளிப்போய் நிற்க, வசிஷ்டரே இருவராகப் பிரிந்து நிற்பார். மைசார் என்று உலகம் அழைக்கும் அந்த மீன் ஓர் இரட்டை என்பது 17ஆம் நூற்றாண்டிலேயே தொலைநோக்கி வழியே தெரிந்துவிட்ட செய்தி. கல்யாணமாகிப் பல வருடங்கள் கழித்து முதல்முறையாக அருந்ததியைப் பார்க்கிற பெண்கள், அதைவிட்டுவிட்டு வசிஷ்டர் விவகாரத்தைத்தான் வீட்டுக்குக் கொண்டுபோகிறார்கள்.

தமிழில் இந்தக் குழப்பத்துக்கு வசதியான ஒரு சொல் இருக்கிறது. கண்ணுக்குப் புலப்படுவதும் தெரிவதுதான், மனம் அறிந்துவைத்திருப்பதும் தெரிவதுதான். "சனிக்கு வளையம் இருக்கு, தெரியும்" என்பவரும் "வளையம் தெரியுது" என்பவரும் ஒரே வினையைத்தான் புரட்டுகிறார்கள். மைதானத்தில் "தெரியுதா?" என்ற கேள்வி விழும்போது அது எந்தத் தெரிதலைக் கேட்கிறது என்று கேட்பவருக்கே நிச்சயமில்லை. சனியைப் பற்றிப் பாடப்புத்தகத்தில் படித்து, கைபேசியில் காசினி விண்கலம் எடுத்த படங்களைப் பார்த்து, ஏழரை நாட்டுச் சனிக்குப் பரிகாரமும் செய்துவிட்ட ஒருவருக்கு ஏற்கெனவே தெரியும். கண்ணை வைத்தபோது இருட்டு இருந்ததா, மங்கலாய் ஒரு புள்ளி இருந்ததா என்பது பெரிய விஷயமில்லாமல் போய்விடுகிறது. தெரிந்தது தெரிந்ததுதான்.

படங்கள் செய்யும் வேலை இன்னும் வினோதமானது. மார்கழி இரவில் ஓரியன் நெபுலாவைக் காட்டினால் எட்டு அங்குலக் கண்ணாடியில் தெரிவது சாம்பலைத் தண்ணீரில் கரைத்துவிட்ட மாதிரி ஒரு திட்டு. கூர்ந்து பார்த்தால் அதன் நடுவே நாலு சின்ன மீன்கள். ஊதாவும் சிவப்பும் கிடையாது. மங்கிய வெளிச்சத்தில் மனிதக் கண்ணின் நிறம் பிரிக்கும் செல்கள் வேலை செய்யாது என்பதால் எவ்வளவு நல்ல கண்ணுக்கும் அது பெரும்பாலும் சாம்பல்தான். "இவ்ளோதானா?" என்று பிள்ளைகள் கேட்கும்போது காட்டுகிறவர் மன்னிப்புக் கேட்கிற குரலுக்குப் போய்விடுகிறார். கேமராவில் வெகுநேரம் திறந்துவைத்து எடுத்தால் நிறம் வரும் பாப்பா என்று, தன் கண்ணுக்கு எதிராகத் தானே சாட்சி சொல்கிறார். அந்தத் திட்டில் உள்ள ஒளி ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் பயணம் செய்து இந்தப் பிள்ளையின் கண்ணுக்குள் நேரே வந்து விழுந்திருக்கிறது என்பதைச் சொல்லலாம். சொல்கிறார்கள். அது வேறு ஏதோ பேச்சாகக் காற்றில் போகிறது.

சனிக்கு எதிர்த்திசையில் ஒரு சங்கடம் உண்டு. வளையம் சாய்ந்திருக்கும் வருடங்களில் முதன்முதலாகப் பார்க்கிறவர் அநேகமாக நம்ப மாட்டார். "உள்ள ஸ்டிக்கர் ஒட்டியிருக்கீங்களா?" என்று குழாயின் வாய்ப்பக்கம் போய்க் கையை ஆட்டிப் பார்ப்பவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. மன்றத்துக்காரர்களுக்கு இதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது. வருடக்கணக்கில் சொல்லிச் சிரிப்பார்கள். ஆனால் 2025ஆம் வருடம் அந்தச் சிரிப்புக்கு வழியில்லை. அந்த மார்ச் மாதம் வளையத்தின் தளத்தைப் பூமி கடந்தது. 2009க்குப் பிறகு முதல்முறையாக வளையம் விளிம்பைக் காட்டி நின்றது. வருடக் கடைசியில்கூட அது கோளின் குறுக்கே செருகிய ஊசிபோல் மெல்லிய கோடாகத்தான் இருந்தது. பேனரில் அகன்ற வளையத்தோடு சனியின் வண்ணப்படம். ஸ்டூலில் ஏறிப் பார்த்தால் ஊசி குத்திய உருண்டை. அதைப் பார்த்தும் "வளையம் சூப்பரா தெரியுது அங்கிள்" என்று சொன்ன பிள்ளைகளை என்ன செய்வது? பேனரைக் கண்ணில் சுமந்துகொண்டு வந்திருக்கிறார்கள்.

1610இல் தொலைநோக்கியில் சனியை முதலில் பார்த்த கலிலியோவுக்கு அந்த வசதி இல்லை. அவர் கருவியில் அது மூன்று உருண்டைகள் ஒட்டிக்கொண்ட மாதிரி தெரிந்தது. மூன்று என்றே எழுதினார். 1612இல் பக்கத்து உருண்டைகள் இரண்டும் காணாமல் போயின. சனி தன் பிள்ளைகளை விழுங்கிவிட்டதோ என்று புராணத்தைத் தொட்டு ஒரு கடிதத்தில் திகைத்துப்போனார். வளையம் என்ற சொல் அவர் வாழ்நாளில் அதற்கு வாய்க்கவில்லை. அது வளையம்தான் என்று வானியலாளர் ஹைகன்ஸ் 1659இல்தான் விளக்கினார். தெரியாமலே பார்த்தார் என்பதால் அந்த ஆள் மாற்றத்தைப் பார்த்துவிட்டார். இருந்ததை இருந்தபடி, இல்லாததை இல்லாதபடி.

வானத்தைக் காட்டுகிற தொழிலுக்கு ஒரு குலகுரு உண்டென்றால் அது ஜான் டாப்சன். இந்தப் பலகைப் பெட்டித் தொலைநோக்கிக்கு அவர் பெயர்தான். பெய்ஜிங்கில் 1915இல் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்தவர், 1944இல் சான் பிரான்சிஸ்கோவில் ராமகிருஷ்ண மடத்தின் வழிவந்த வேதாந்த மடத்தில் சேர்ந்து துறவியானார். காவியோடு கண்ணாடி தேய்க்கும் பித்தும் சேர்ந்துகொண்டது. கப்பலின் ஜன்னலுக்கான தடித்த கண்ணாடிகளை வாங்கித் தேய்த்துக் குழி விழச் செய்து, அட்டைக் குழாயும் பழைய பலகையும் கொண்டு தொலைநோக்கிகள் செய்து, இரவில் மடத்தை விட்டு வெளியே தள்ளிக்கொண்டுபோய்த் தெருவாருக்குக் காட்டிவந்தார். மடத்து ஒழுங்குக்கு இது ஒத்துவரவில்லை, 1967இல் வெளியேற்றப்பட்டார். அடுத்த ஆண்டு சில இளைஞர்களோடு நடைபாதை வானியலாளர்கள் என்ற அமைப்பைத் தொடங்கி, 2014இல் சாகும்வரை தெருமுனைகளில் நின்று காட்டிக்கொண்டே இருந்தார். காட்டுவதையே தவமாகச் செய்த மனிதர். கருவி எவ்வளவு துல்லியமானது என்பதைவிட எத்தனை பேர் அதன் வழியே பார்த்தார்கள் என்பதுதான் அவருக்குக் கணக்கு. அவர் வடிவமைப்பின் எளிமைக்குப் பின்னால் இருந்த ஆசையும் அதுதான்: மலிவாக இருக்க வேண்டும், பெரிதாக இருக்க வேண்டும், யாரும் தொட்டுத் திருப்பலாம். மோட்டார் இல்லாததும் அந்த எளிமையின் பகுதி. ஆக, மைதானத்தில் மூன்றாவது ஆளுக்குக் கிடைக்கும் இருட்டுக்கும் டாப்சன்தான் ஒரு விதத்தில் பொறுப்பு. இதைக் குறையாகச் சொல்லத் தயக்கமாக இருக்கிறது. அவர் இல்லாவிட்டால் முதல் இரண்டு பேருக்கும் சனி கிடைத்திருக்காது.

ஆனால் ஆர்வலர் வானியல் என்பது காட்டுவதோடு தொடங்கியது அல்ல. இன்னொரு கிளை உண்டு. அதில் வரிசை கிடையாது, ஸ்டூல் கிடையாது, வந்துபோகிறவர்கள் கிடையாது. 1911இல் வில்லியம் டைலர் ஆல்காட் என்ற அமெரிக்க வழக்கறிஞர் தொடங்கிவைத்த, மாறொளி மீன் பார்ப்போர் சங்கம் அந்தக் கிளையின் அடிமரம். சில விண்மீன்களின் பிரகாசம் கூடிக் குறையும். மீரா என்ற மீன் ஏறத்தாழ 332 நாளுக்கு ஒருமுறை வெறுங்கண்ணுக்குத் தெரிந்து, பிறகு மங்கி மறைந்துவிடும். இப்படிப்பட்ட மீன்களை மாதக்கணக்கில், வருடக்கணக்கில் பின்தொடர்ந்து, இன்று இது எவ்வளவு பிரகாசம் என்று ஓர் எண் எழுதுவதுதான் வேலை. முறை எளியது. மாறாத இரண்டு மீன்களை எடுத்துக்கொள்ள வேண்டும், ஒன்று சற்றுப் பிரகாசம், ஒன்று சற்று மங்கல். நடுவில் நம் மீன் எங்கே நிற்கிறது என்று கண்ணால் மதிப்பிட வேண்டும். மதிப்பிடக் கொடுக்கும் வரைபடத்தில் ஒப்பீட்டு மீன்களின் எண்களில் தசமப்புள்ளி இருக்காது, 4.1 என்பது 41 என்றே அச்சாகியிருக்கும். புள்ளி வைத்தால் அதையும் ஒரு மீன் என்று நினைத்துவிடலாம் அல்லவா. இந்த ஒரு காரியத்துக்காகவே அந்தச் சங்கத்தை நேசிக்கலாம்.

அந்த முறைக்குள் ஒரு கண்டிப்பும் உண்டு. மதிப்பிடுவதற்கு முன் நேற்று என்ன எழுதினோம் என்று பார்க்கக் கூடாது. இன்று எவ்வளவு இருக்கும் என்று ஜோசியம் சொல்லும் வரைகோட்டையும் பார்க்கக் கூடாது. சிவப்பு மீன் என்றால் வெறித்துப் பார்க்கவும் கூடாது. பார்க்கப் பார்க்கச் சிவப்பு கண்ணில் ஏறிப் பிரகாசம் கூடினமாதிரி காட்டும், ஆகவே ஒரு கணம் பார்த்துவிட்டுக் கண்ணை எடுத்துவிட வேண்டும். மொத்தத்தில் தெரிந்ததை வாசலில் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போகவேண்டிய இடம் அது. தமிழின் இரண்டு தெரிதல்களையும் பிடித்து இழுத்து வேறு வேறு திசையில் கட்டிவைக்கிற ஏற்பாடு.

ராதாகோவிந்த சந்திரா இப்படிக் கட்டிப்போட்டுக்கொண்டவர்களில் ஒருவர். வங்காளத்தின் ஜெஸ்ஸூர் ஊருக்குப் பக்கத்தில் பாக்சர் என்ற கிராமத்தில் 1878இல் பிறந்தவர். பள்ளிக் கடைசித் தேர்வில் மூன்று முறை தோற்றவர். ஜெஸ்ஸூர் கருவூலத்தில் காசு சரிபார்க்கும் வேலை. நல்ல காசு எது, கள்ளக் காசு எது என்று பகலெல்லாம் கண்ணால் தரம் பிரித்துவிட்டு, இரவில் மூன்று அங்குலத் தொலைநோக்கியோடு வீட்டு வெளியில் உட்கார்வார். 1918 ஜூனில் கழுகு மண்டலத்தில் ஒரு புதுமீன் வெடித்துப் பிரகாசித்தபோது அவர் அதைக் கவனித்து எழுதிய குறிப்புகள் ஹார்வர்டுக்குப் போயின. அங்கிருந்து மாறொளிச் சங்கத்தின் அழைப்பு வந்தது. 1926இல் சங்கம் அவருக்கு ஆறு அங்குலத் தொலைநோக்கி ஒன்றைக் கடனாக அனுப்பியது. 1919க்கும் 1954க்கும் நடுவே அவர் அந்தச் சங்கத்துக்கு அனுப்பிய மதிப்பீடுகள் முப்பத்தேழாயிரத்துக்கு மேல். வகுத்துப்பார்த்தால், மழைக்காலத்தையும் சேர்த்து, ஒரு நாளுக்கு மூன்று எண். முப்பத்தைந்து வருடம். நடுவில் ஓர் உலகப்போர், ஒரு பஞ்சம், ஒரு பிரிவினை. ஊர் கிழக்குப் பாகிஸ்தானாகிப்போனதில் அவர் இந்தப்பக்கம் வந்து, 1975இல் மறைந்தார்.

அந்த ஆறு அங்குலக் குழாயின் கதை அவரோடு முடியவில்லை. அவரால் முடியாமல் போனபின் அது வானியலாளர் வைணு பாப்பு கைக்குப் போனது. பாப்புவும் சிறு வயதில் மாறொளி மீன்களைப் பார்த்து வளர்ந்தவர்தான். கடைசியில் அது வானாய்வகத்துக்காகப் பாப்பு தேர்ந்தெடுத்த இடத்துக்கே, வாணியம்பாடிக்கு மேலே ஜவ்வாது மலைக் காட்டில் உள்ள காவலூருக்கு வந்து சேர்ந்தது. இரண்டே கால் மீட்டருக்கு மேற்பட்ட அகலக் கண்ணாடியோடு 1986இல் இயங்கத் தொடங்கிய பெரிய தொலைநோக்கியைப் பார்க்கத்தான் பள்ளிக்கூடப் பேருந்துகள் மலையேறுகின்றன. ஜெஸ்ஸூர்க்காரர் கண்ணை வைத்த குழாய் அதே மலைக்கு வந்ததை யாரும் ஒரு செய்தியாகச் சொல்வதில்லை.

காட்டுவதும் பார்ப்பதும் ஒரே ஆளிடம் இருந்த காலமும் உண்டு. மீன்களின் பிரகாசத்துக்கு இன்று உலகம் பயன்படுத்தும் அளவுகோல் நார்மன் போக்சனுடையது: ஐந்து படிக்கு நூறு மடங்கு, ஆகவே ஒரு படிக்குச் சுமார் இரண்டரை மடங்கு. 1856இல் ஆக்ஸ்போர்டில் அதைச் சொன்ன போக்சன் 1861இல் சென்னை வானாய்வகத்துக்கு வந்து, சாகும்வரை முப்பது வருடம் நுங்கம்பாக்கத்திலேயே இருந்தார். அவருக்குக் கீழே வேலை பார்த்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி, பஞ்சாங்கம் கணிக்கும் குடும்பத்திலிருந்து வந்தவர், 1867இல் தெற்கு வானத்தில் ரெட்டிகுலம் என்ற கூட்டத்தில் ஒரு மாறொளி மீனைக் கண்டுபிடித்தார். அதே ரகுநாதாச்சாரி, 1874 டிசம்பரில் வெள்ளி சூரியனைக் கடக்கப்போவதை ஊராருக்கு விளக்க ஒரு சிறு நூல் எழுதினார். பண்டிதரும் சித்தாந்தியும் பேசிக்கொள்கிற பாணி, பல இந்திய மொழிகளில். வேலை நேரத்தில் எண்ணும், ஓய்வு நேரத்தில் விளக்கமுமாக வாழ்ந்த ஆள். இப்போதைய மன்றங்களில் இந்த இரண்டும் பிரிந்துபோய், விளக்கம் செழித்து எண் மெலிந்து கிடப்பதாகத் தோன்றுகிறது. கிரகணக் கண்ணாடி வாங்கித் தருகிறார்கள். ஏப்ரலில் நிழலில்லா நாள் அன்று பள்ளிப் பிள்ளைகளைக் கம்புக்கு அடியில் நிறுத்துகிறார்கள். 2019 டிசம்பர் 26 கங்கண கிரகணத்தன்று, தாம்பாளத் தண்ணீரில் உலக்கையை நிமிர்த்தி வைத்த வீடுகளுக்குப் போய், கிரகணம் இல்லாத நாளிலும் உலக்கை நிற்கும் என்று நிறுத்திக் காட்டியவர்களும் உண்டு. எல்லாம் வேண்டிய வேலைகள். ஆனால் அன்று புளியமரத்தடியில் இலை இடுக்கு வழியே தரையெல்லாம் சிதறிக் கிடந்த வளையங்களில் ஒன்றையாவது யாராவது காகிதத்தில் வரைந்து, மணி போட்டு வைத்தார்களா?

இந்த ஆதங்கத்தில் ஒரு மோசமான ஆசிரியத்தனம் இருக்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். கூலி வேலை முடிந்து வந்து வரிசையில் நிற்கிற ஒருவருக்கு முப்பது வினாடி நிலவைப் பார்ப்பது போதும். அவர் எண் எழுதவேண்டும் என்று யார் கேட்டார்கள்? அதோடு, இன்று தானியங்கிக் கருவிகள் இரவுதோறும் முழு வானத்தையும் வாரிப் படமெடுத்து லட்சக்கணக்கான மீன்களின் பிரகாசத்தைத் தாமே அளந்துகொள்கின்றன. மொட்டை மாடியில் ஒருவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு எழுதும் எண் யாருக்கு? கேள்வி நியாயமானது. அதற்குத் திருவாதிரை ஒரு அரைகுறைப் பதில் வைத்திருக்கிறது.

ஓரியனின் தோளில் சிவந்து நிற்கும் திருவாதிரை ஒரு மாறொளி மீன். 1836இலேயே ஜான் ஹெர்ஷல் அதைக் கவனித்தார். வழக்கமாக அதன் பிரகாச எண் அரையை ஒட்டி; எண் கூடினால் மங்கல் என்று பொருள். 2019 கடைசியில் அது மங்கத் தொடங்கியது. டிசம்பரில் அதை உலகுக்கு அறிவித்த வில்லனோவா பல்கலைக்கழகத்தின் எட்வர்ட் கைனன், பல காலமாக ஒரு ஆர்வலரோடு சேர்ந்து சிறு கருவியால் அந்த மீனை அளந்துவந்தவர். பெரிய கருவிகள் பலவற்றுக்குத் திருவாதிரையைப் பார்ப்பதே கஷ்டம். அதன் வெளிச்சம் அவற்றின் உணரியை நிரப்பி வழிந்துவிடும். கண்ணுக்கும் சின்னக் குழாய்க்கும் அந்தத் தொல்லை இல்லை. 2020 பிப்ரவரியில் அது 1.6 அளவுக்கு இறங்கி, பக்கத்துத் தோளில் உள்ள பெல்லாட்ரிக்ஸுக்குச் சமமாகிவிட்டது. வெடிக்கப்போகிறது என்று உலகெங்கும் பரபரப்பு. பிறகு பழையபடி ஏறியது. மீன் உமிழ்ந்த வாயு குளிர்ந்து தூசாகி முகத்தை மறைத்ததே காரணம் என்று 2021இல் ஆய்வு சொன்னது. அந்த மங்கலுக்கு நடுவில்தான் 2020 ஜனவரி 10 அன்று ஆருத்ரா தரிசனம் வந்தது. வீடெங்கும் களி கிளறினார்கள்; ஏழுகறிக் கூட்டு கொதித்தது; சிதம்பரத்தில் நடராஜர் வெளியே வந்தார். அந்தப் பெயருக்குரிய மீன் வானத்தில் பாதிக்கும் குறைவான வெளிச்சத்தோடு நின்றதை அண்ணாந்து பார்த்துக் கண்டவர் எத்தனை பேர் என்று கேட்பது வம்புக்காக அல்ல. திருவாதிரை தெரியும், எல்லோருக்கும். முழு நிலவும் அன்று அதே பக்கம்தான் நின்றது என்பதைச் சமாதானமாக வைத்துக்கொள்ளலாம்.

மாறொளிக்காரர்களின் குறிப்பேட்டில் இன்னொரு வகைப் பதிவு உண்டு. மீன் இருக்கவேண்டிய இடத்தைக் கண்டுபிடித்தாகிவிட்டது, நேரே பார்த்தாயிற்று, கண்ணைச் சற்று விலக்கி ஓரப்பார்வையாலும் பார்த்தாயிற்று, ஒன்றும் தெரியவில்லை. அப்போது பக்கத்தில் தெரிகிற ஆக மங்கலான ஒப்பீட்டு மீனின் எண்ணை எழுதி, முன்னால் "விடக் குறைவு" என்று கணக்கில் போடுகிற கோணக் குறியைப் போட வேண்டும். இதைவிட மங்கல், அதற்குமேல் தெரியாது என்று பொருள். சங்கம் இதையும் ஏற்றுக்கொள்கிறது. தெரிந்த எண்களோடு ஒரே பட்டியலில் இதற்கும் தேதியும் நேரமும் பெயரும் உண்டு. ஒரு மீன் எந்த இரவு வரைக்கும் வெடிக்கவில்லை என்பதைப் பிற்பாடு தேடுகிறவருக்கு இந்தத் "தெரியவில்லை"கள்தான் தடயம். வருகைப் பதிவேட்டில் அப்படி ஒரு பத்தியைத் திறந்துவிட்டால் மன்றங்களுக்கு என்ன ஆகும் என்று யோசிக்கலாம். நிதி தருகிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்பதையும்.

பத்து மணிக்கு மைதானம் காலியாகிறது. குழாய்மேல் பனி இறங்கி நனைந்திருக்கிறது. துணியால் துடைத்தால் கண்ணாடியில் கீறல் விழும் என்பதால் மூடியைப் போடாமல், காற்றில் உலரட்டும் என்று விட்டிருக்கிறார்கள். ஸ்டூல்கள் ஒன்றுக்குள் ஒன்றாகச் சொருகப்படுகின்றன. சாலைமுனை ஹைமாஸ்ட் விளக்கின் வெளிச்சம் மாமரத்துக்கு இந்தப்பக்கம் வராத ஒரு மூலை இருக்கிறது. அங்கே மன்றத்துப் பெண் ஒருத்தி, கல்லூரி மாணவியாக இருக்கலாம், ஷாலை இழுத்துப் போர்த்திக்கொண்டு நிற்கிறாள். கண் இருட்டுக்குப் பழக இருபது நிமிடமாவது வேண்டும். யாரோ பைக் ஸ்டார்ட் செய்து ஹெட்லைட் அடிக்க, அந்த இருபது நிமிடம் மறுபடி முதலிலிருந்து. கிழக்கே திருவாதிரை. மேலே ரோகிணி, எண் 0.9. கீழே புரோசியான், 0.4, ஆனால் அது இன்னும் தாழ்வாக, புழுதிக்குள் நிற்கிறது, அதற்குக் கொஞ்சம் கழிவு போட வேண்டும். ஒரு கணம் பார்க்கிறாள், கண்ணை எடுத்துவிடுகிறாள். மறுபடி. "அக்கா, வண்டி வந்துடுச்சு" என்று யாரோ கூப்பிடுகிறார்கள். சிவப்பு டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு நோட்டைத் திறந்து, தேதி, மணி, பிறகு 0.6 என்று எழுதுகிறாள். ஆறுக்குப் பக்கத்தில் இரட்டைப்புள்ளி. நிலைமை சுமார் என்பதற்கு அவளாக வைத்துக்கொண்ட அடையாளம். முந்தின பக்கத்தைப் புரட்டாமல் நோட்டை மூடிவிட்டு வண்டிப் பக்கம் நடக்கிறாள்.